ஏணி வாங்கும்முன் எந்தப் படியில் நிற்பீர்கள் என்று பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கடைக்கு ஏணி கேட்டு வருகிறவர்கள் அதிகம். பொங்கலுக்குள் ஒட்டடை அடிக்க வேண்டும், சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், போகியன்று காப்புக் கட்ட எரவாரத்தில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சொருக வேண்டும். பெருந்துறையில் நானும் வீட்டுக்காரரும் ஹார்டுவேர் கடை நடத்துகிறோம். சிப்காட் ஃபிட்டர்கள், சென்னிமலைப் பக்கத்துத் தறிக்காரர்கள், தோட்டத்துக்காரர்கள், வயரிங் வேலை செய்கிற பையன்கள், புது வீடு கட்டியவர்கள் என்று எல்லா விதமான ஆட்களும் வருவார்கள். பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, ஆறடி ஏணி ஒன்னு குடுங்க."

"எதுக்குங்க தம்பி?" என்று கேட்காமல் நான் எடுத்துக் கொடுப்பதில்லை. ஆறடி என்பது ஏணியின் நீளம். நமக்கு வேண்டியது நம் கால் நிற்கப்போகிற படியின் உயரம். அந்தப் படி எது என்று தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

இரண்டு பக்கமும் விரிந்து கூரை மாதிரி நிற்கிற மடக்கு ஏணியில் உச்சியும், அதற்கு அடுத்த கீழ்ப்படியும் நிற்பதற்கு உரியவை அல்ல. அங்கே ஏறிவிட்டால் முழங்காலைச் சாய்க்கவோ கையால் பிடிக்கவோ எதுவும் இருக்காது. உடம்பின் பாரமெல்லாம் ஏணியின் உச்சிக்கு மேலே போய்விடும். ஒரு ஸ்க்ரூவை அழுத்தி முடுக்கினாலே போதும், ஏணி காலுக்கடியில் நழுவும். ஆகவே ஏணியின் உயரத்தில் இரண்டு அடியைக் கழித்துவிடுங்கள். ஆறடி ஏணியில் நீங்கள் நிற்கக்கூடிய உயரம் நாலடி.

இனி கையின் கணக்கு. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் தரையில் நின்று கையை எட்டி நீட்டினால் ஏழடி கிட்டத்தட்ட வரும். ஆனால் எட்டிக்கொண்டே வேலை செய்ய முடியாது. கை நெற்றிக்குச் சற்று மேலே இருந்தால்தான் நிதானமாக வயர் முறுக்கலாம், பல்பு மாட்டலாம். அந்த உயரத்தை ஆறடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் இப்போது கட்டுகிற வீடுகளில் கான்கிரீட் தளம் சுமார் பத்தடி. ஃபேன் கொக்கியில் கை வேலை செய்ய வேண்டுமென்றால் கால் நாலடியில் இருக்க வேண்டும். அதற்கு ஆறடி ஏணி சரி. எட்டடி உயரத்தில் உள்ள டியூப் லைட் மாற்றத்தான் ஏணி என்றால் கால் இரண்டடியில் இருந்தால் போதும், நாலடி ஏணியே தாராளம்.

அட்டாலிக்கு, அதாவது பரணுக்கு, கணக்கு வேறு. அங்கே நாம் சும்மா தொடுவதில்லை, பாரம் எடுக்கிறோம். ஏழடி உயரத்து அட்டாலியிலிருந்து பித்தளை அண்டாவை இறக்குகிறோம் என்றால் அண்டா நம் நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும். தலைக்கு மேலே இருக்கிற பாரத்தை இழுத்தால் அது நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். நெஞ்சு உயரம் நாலடி என்றால் கால் மூன்றடியில் நிற்க வேண்டும். இந்த வேலைக்கு மேலே அகலமான மேடையும் முழங்காலுக்கு மேல் உயர்ந்த வளைவுக் கைப்பிடியும் உள்ள வீட்டு ஏணிதான் நல்லது. அதில் மேடை நிற்பதற்கென்றே செய்தது, இரண்டடி கழிக்க வேண்டியதில்லை. கீழே ஒருவர் நின்று அண்டாவை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு எந்த ஏணியும் ஈடாகாது.

தொட்டிக்கட்டு வீட்டுக்காரர்கள் சிலர் ஆசாரத்து, அதாவது கூடத்து, முகட்டில் ஒட்டடை அடிக்கப் பத்தடி ஏணி கேட்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒட்டடைக்காக அவ்வளவு பெரிய ஏணி வேண்டாம் என்பது என் கருத்து. நாலடி மேடையில் நின்றுகொண்டு நீளக் குச்சி வைத்த ஒட்டடைக் கோலால் அடித்தாலே முகடு வரை போய்விடும். பெரிய ஏணியை உள்ளே கொண்டுவரவும் திருப்பவும் இரண்டு ஆள் வேண்டும், அது வீட்டில் நிரந்தரமாக ஒரு சுவரை அடைத்துக்கொள்ளும்.

கடையில் எழுதியிருக்கிற உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம். சில ஏணிகளில் அது மடக்கிய நிலையில் சட்டத்தின் நீளம். விரித்து நிறுத்தினால் சாய்வினால் சில அங்குலம் குறையும். "அஞ்சு படி" என்று சொன்னால் உச்சி மூடியையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்களா என்று கேளுங்கள். படிக்குப் படி இடைவெளியும் ஏணிக்கு ஏணி மாறும். சட்டைப் பையில் டேப் வைத்துக்கொண்டு போய், ஏணியை விரித்து நிறுத்தி, நீங்கள் நிற்கப்போகிற படிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை நேர் செங்குத்தாக அளந்துவிடுங்கள். எந்த நல்ல கடைக்காரரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாரம்

ஏணியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் எத்தனை கிலோ தாங்கும் என்று இருக்கும். அமெரிக்க முறையில் தரம் பிரித்த ஏணிகளில் வீட்டு வேலைக்கான கடைசி வகை 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ. தொழிலுக்கானவை 250 பவுண்டு (113 கிலோ), 300 பவுண்டு (136 கிலோ) என்று மேலே போகும். ஐரோப்பிய இ.என். 131 தரம் என்று போட்டிருந்தால் 150 கிலோ. ஸ்டிக்கரே இல்லாத ஏணியை, எவ்வளவு கனமாகத் தெரிந்தாலும், நான் கடையில் வைப்பதில்லை.

இந்தக் கிலோ ஆளின் எடை மட்டுமல்ல. கையில் இருப்பதும் இடுப்பில் இருப்பதும் ஏணியில் தொங்குவதும் எல்லாம் சேர்ந்தது. பெயிண்டர் ஒருவர் 75 கிலோ என்று வையுங்கள். பத்து லிட்டர் எமல்ஷன் வாளி 13, 14 கிலோ வரும், ஏனென்றால் பெயிண்ட் தண்ணீரைவிடக் கனம். ரோலர், பட்டித் தகடு, பை எல்லாம் சேர்த்தால் 90ஐத் தாண்டிவிடும். அவர் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை ஏறி இறங்குவார், ஒவ்வொரு தடவையும் கால் வைக்கும்போது பாரம் ஒரு இடி மாதிரிதான் இறங்கும். தொழில் செய்கிறவர்கள் 150 கிலோ ஏணிக்குக் கீழே பார்க்கவே வேண்டாம். வீட்டுக்கு என்றாலும் வீட்டிலேயே கனமான ஆள் யார் என்று பார்த்து வாங்குங்கள். "நான்தானுங்க ஏறுவேன், நான் அம்பது கிலோதான்" என்பார்கள். ஃபேன் மாட்ட வருகிற ஆளும் அதே ஏணியில்தான் ஏறப்போகிறார்.

கரண்டு

இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக், கேமரா மாட்டுகிறவர், கேபிள்காரர், இவர்களில் யாருக்கும் அலுமினிய ஏணி ஆகாது. அலுமினியம் கரண்டை நன்றாகக் கடத்தும். வீட்டில் 230 வோல்ட், தோட்டத்து மோட்டாருக்கு மூன்று பேஸில் 415 வோல்ட். ஏணியில் நிற்கிறவருக்குச் சின்ன ஷாக் அடித்தால்கூட அவர் கையை உதறுவார். ஷாக்கைவிட அந்த உதறலில் விழுகிற விழுகைதான் பல நேரம் ஆளை முடக்குகிறது.

இவர்களுக்கு ஃபைபர் ஏணி, எஃப்.ஆர்.பி. என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வரும், ஆனால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பக்கச் சட்டம் இரண்டும் ஃபைபராக இருக்கிறதா என்று விரலால் சுண்டிப் பாருங்கள், மந்தமான சத்தம் வரும். படிகள் அலுமினியமாகத்தான் இருக்கும், அது பரவாயில்லை, சட்டம்தான் தரைக்கும் ஆளுக்கும் நடுவே கரண்டைத் தடுக்கிறது. ஆனால் ஃபைபர் ஏணியில் ஈரமும் சிமெண்ட் தூசியும் கிரீஸும் படிந்திருந்தால் அந்தத் தடுப்பு குறைந்துபோகும். அதனால் ஃபைபர் ஏணி வாங்கினாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அதே அளவு அலுமினிய ஏணியைவிட இது கனம், விலையும் கூட. வயரிங் பையன்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கும்போது நான் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதுபோலத்தான் பேசுகிறேன்.

ஃபைபர் ஏணியை மொட்டை மாடியில் வெயிலில் போட்டுவிட்டால் மேல்பூச்சு போய் உள்ளே இருக்கிற கண்ணாடி நார் வெளியே வந்துவிடும். கையில் முள் மாதிரி ஏறும். நிழலில் வையுங்கள்.

தோட்டத்துக்காரர்களுக்கு ஒன்று. பொள்ளாச்சியானாலும் காங்கயமானாலும் தென்னந்தோப்புக்கு மேலே 11 கேவி (11,000 வோல்ட்) லைன் போகிற இடங்கள் நிறைய. அங்கே அலுமினிய ஏணியையோ அலுமினியத் தொரட்டியையோ நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு நடப்பதே ஆபத்து. ஏணியைப் படுக்கை வசமாக இரண்டு பேர் பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். தலைக்கு மேலே லைன் இருந்தால் அந்த இடத்தில் ஏணி வேலையே வேண்டாம்.

தரையும் இடமும்

மடக்கு ஏணி நாலு காலும் ஒரே மட்டத்தில் படிந்தால்தான் நிற்கும். டைல்ஸ் தரைக்கு அகலமான, வரிவரியாக வெட்டு விழுந்த ரப்பர் புஷ் உள்ள ஏணி வேண்டும். வழுவழு பிளாஸ்டிக் மூடி போட்டது சறுக்கும். செம்மண் தோட்டத்தில் மழைக்குப் பிறகு ஒரு கால் மட்டும் மண்ணில் இறங்கும். கெட்டியான அகலப் பலகை ஒன்றை நாலு காலுக்கும் அடியில் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலுக்கு மட்டும் செங்கல் துண்டு வைப்பது நம்மிடம் எங்கும் இருக்கிற பழக்கம், அதை விட்டுவிட வேண்டும். ஆள் மேலே ஏறியதும் பாரம் மாறி செங்கல் நகர்ந்துவிடும்.

சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன்களுக்கு ஏணி எடுக்கிறவர்கள் உயரத்தைவிட அகலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆறடி ஏணியை முழுசாக விரித்தால் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே சுமார் மூன்றரை அடி வந்துவிடும். இரண்டு தறிக்கு நடுவே உள்ள சந்தில் அது விரியாது. விரியாத ஏணியைப் பாதி மடக்கி நிறுத்திவிட்டு டியூப் லைட்டில் படிந்த பஞ்சைத் தட்டுகிறார்கள். பாதி விரித்த ஏணிக்குப் பிடிப்பே இல்லை. சந்தின் அகலத்தை அளந்து வந்து, அதில் முழுக்க விரிகிற ஏணியாக எடுங்கள். உயரம் போதவில்லை என்றால் நீளக் குச்சி பிரஷ் வாங்கிக்கொள்ளலாம். தரையில் எண்ணெய் சொட்டியிருக்கும், ரப்பர் புஷ்ஷின் அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள். தறி ஓடுகிற அதிர்வில் ஏணி கொஞ்சம் கொஞ்சமாக நகரும், பக்கத்துத் தறியையாவது நிறுத்திவிட்டு ஏறுங்கள். சிமெண்ட் சீட் கூரையின் மேல் காலை வைத்து வேலை செய்வது பற்றி ஒரே வார்த்தை: கூடாது. சீட் உடைந்து ஆள் நேராகக் கீழே வந்துவிடுவார்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் குடோன்களிலும் ரேக்கில் பெட்டி எடுத்து வைக்கிற வேலை நாள் முழுக்க நடக்கும். அதற்கு மடக்கு ஏணியே வேண்டாம். சக்கரமும் கைப்பிடியும் உள்ள, ஆள் ஏறினால் சக்கரம் பூட்டிக்கொள்கிற மேடை ஏணி வாங்குங்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

ஏணியை விரித்துச் சமமான தரையில் நிறுத்துங்கள். எதிரெதிர் மூலையில் இருக்கிற இரண்டு சட்டங்களைப் பிடித்துக் கீழே அழுத்துங்கள். ஏதாவது ஒரு கால் டக் டக் என்று தூக்கினால் அந்த ஏணியில் கோணல் இருக்கிறது, வேறு எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் உச்சியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகிப் பாருங்கள். கொஞ்சம் அசையும், அது இயல்பு. கையை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும்.

அடுத்து, முன்காலையும் பின்காலையும் பிணைக்கிற பட்டி. இதுதான் ஏணியின் உயிர். முழுசாக விரித்தால் அது நேராகி, சொடுக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். சங்கிலியோ கயிறோ கட்டியிருந்தால் அது கால்கள் அதிகம் விரியாமல் மட்டும்தான் தடுக்கும், உள்ளே மடங்குவதைத் தடுக்காது. கெட்டிப் பட்டி இரண்டையும் தடுக்கும். லேத் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்பு ஏணிகளில் பெரும்பாலும் சங்கிலிதான் இருக்கிறது. பட்டறையில் செய்யச் சொல்கிறவர்கள் சங்கிலிக்குப் பதில் நடுவில் மடங்குகிற பட்டை இரும்பு வைக்கச் சொல்லுங்கள். குழாயின் கீழ் நுனியை மூடாமல் விட்டால் உள்ளே ஈரம் ஏறித் துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு தேய்ந்துபோகும். அதையும் சொல்லி மூடச் செய்யுங்கள்.

இப்போது குனிந்து படியின் அடியைப் பாருங்கள். படி பக்கச் சட்டத்தில் சேருகிற இடத்தில் ரிவெட் இருக்கும். ஒவ்வொரு ரிவெட்டின் தலையும் சட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், நகத்தை நுழைத்தால் நுழையக்கூடாது. கீழ்ப்படிகளுக்கு அடியில் சாய்வாக ஒரு தாங்கு பட்டி கொடுத்திருந்தால் நல்லது, காலால் அதிகம் மிதி வாங்குவது அந்தப் படிகள்தான். விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டுங்கள், பிசிறு இருந்தால் கையையும் கிழிக்கும், சேலையையும் கிழிக்கும். படியின் அகலத்தில் பாதத்தின் முன்பாதி முழுசாகப் படிய வேண்டும். குழாய்ப் படியில் பத்து நிமிஷம் நின்றாலே உள்ளங்கால் வலிக்கும், வலித்தால் கால் மாற்றுவோம், அப்போதுதான் ஏணி ஆடும்.

கடைசியாக ஏறிப் பாருங்கள். இரண்டு படி ஏறி நின்று இடுப்பை லேசாக அசைத்துப் பாருங்கள். பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஏறாமல் வீட்டுக்காரரை ஏறச் சொல்கிறார்கள். அட்டாலியில் ஏறப்போவது நீங்கள்தானே அம்மணி, நீங்களே ஏறுங்கள் என்பேன். சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். வீட்டிலும் அப்படித்தான்.

அமுச்சி, அப்பாரு (பாட்டி, தாத்தா) இருக்கிற வீட்டுக்குக் கைப்பிடி இல்லாத ஏணி வேண்டாம். ஏறாதீர்கள் என்று சொன்னாலும் அவர்கள் ஏறத்தான் செய்வார்கள், ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டாவது காப்புக் கட்டிவிடுவார்கள். இரண்டு படியும் மேடையும் கைப்பிடியும் உள்ள சின்ன ஏணியை அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிடுவதுதான் வழி.

நாலு மடிப்பாக மடங்கி, நேர் ஏணியாகவும் மடக்கு ஏணியாகவும் மாறுகிற வகை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பல இடத்தில் பல வேலை செய்கிற மேஸ்திரிக்கு அது பயன்படும். வீட்டுக்குக் கனம் அதிகம், ஒவ்வொரு மூட்டும் பூட்டியிருக்கிறதா என்று ஏறும் முன் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். குழாய்க்குள் குழாயாகச் சுருங்குகிற ஏணி பைக்கில் கட்டிக்கொண்டு போக வசதி. ஆனால் மணலும் சிமெண்ட் தூசியும் உள்ளே போனால் பூட்டு சரியாக விழாது, சுருக்கும்போது விரலும் நசுங்கும். கட்டட வேலைக்கு அதை நான் கொடுப்பதில்லை.

மூங்கில் ஏணியும் சவுக்கு ஏணியும் இன்னும் நம் பக்கம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்குப் பச்சை எனாமல் அடிக்கிறார்கள். அடிக்காதீர்கள், விரிசலை அது மூடிவிடும். நிறமில்லாத வார்னிஷ் அடித்தால் போதும். மூங்கிலில் ஊசித்துளையும் அடியில் மாவு மாதிரித் தூளும் கண்டால் உள்ளே பூச்சி இருக்கிறது, அடுப்புக்குத்தான் ஆகும்.

மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறவும் மடக்கு ஏணியையே மடக்கியபடி சுவரில் சாத்துகிறார்கள். அதன் கால்கள் விரித்து நிற்பதற்கென்று சாய்த்து வெட்டப்பட்டவை, சாத்தினால் நுனி மட்டுமே தரையில் படும், வழுக்கிவிடும். அதற்குச் சாத்து ஏணிதான் வேண்டும். நாலடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் காலைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், பன்னிரண்டு அடிக்கு மூன்று அடி. ஏறி இறங்குகிற விளிம்புக்கு மேலே ஏணி மூன்று அடி நீண்டிருந்தால்தான் கையால் பிடித்துக்கொண்டு தொட்டி மேடைக்குக் கால் மாற்றலாம். மூலனூர், தாராபுரம் பக்கம் முருங்கைத் தோப்பு வைத்திருக்கிறவர்கள் சாத்து ஏணியை முருங்கைக் கிளையில் சாத்தவே கூடாது. கிளை பச்சையாக இருக்கும்போதே முறியும். தரையில் நின்று தொரட்டியால் பறிப்பதுதான் சரி.

பழைய ஏணி விலைக்கு வந்தால் சட்டத்தின் ஒரு நுனியில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். எங்காவது நெளிந்து, தட்டி நிமிர்த்தியிருந்தால் வேண்டாம். நெளிந்த அலுமினியத்தை நிமிர்த்தினாலும் பழைய பலம் வராது.

ஏணி எடுக்கும்போதே அதே அளவு ரப்பர் புஷ் ஒரு செட் கேட்டு வாங்கிவிடுங்கள். முதலில் தேய்வது அதுதான், இரண்டு வருஷம் கழித்து வந்து கேட்டால் அந்த மாடலுக்குப் பொருந்துகிற புஷ் எங்களிடமே சில நேரம் இருக்காது. வாங்கியதை ஒரு கவரில் போட்டு, ஏணியின் உச்சிப்படிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டுவிடுங்கள், தேடாமல் கிடைக்கும்.